மலை ஸ்னோமொபைலுக்குப் பெரிய சிலிண்டர் பூட்டுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பிரித்தானிய கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் நகரில் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளைத் திருத்தும் கராஜ் ஒன்றில் 15 ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருகிறேன். ரொறன்ரோவிலிருந்து அல்பேர்ட்டாவுக்கும் இந்த மாகாணத்துக்கும் குடிபெயர்ந்த நம் பிள்ளைகள் சிலர், பழைய 800 சிசி மலை வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, மழைக்காலம் முடிவதற்குள் என்னிடம் வந்துவிடுகிறார்கள். "அண்ணை, எந்த பிக் போர் கிட் திறம்? எத்தனை குதிரைவலு கூடும்?" என்பதே அவர்கள் எல்லோருடைய கேள்வியும். பிக் போர் கிட் என்பது இஞ்சினின் கொள்ளளவைக் கூட்டப் பூட்டும் பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் அடங்கிய தொகுதி. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. கிட்டுகளை அவற்றின் விளம்பரத்திலுள்ள குதிரைவலுவைக் கொண்டு ஒப்பிடுவதே பிழை என்பதையும், பிஸ்டன், சிலிண்டர், பூட்டியபின் கிடைக்கும் இடைவெளி, எரிபொருள் ஆகிய நான்கையும் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறேன். தங்கள் பத்திரிகை இந்தப் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்கும் வருவதால், எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. போலாரிஸ், ஆர்க்டிக் கேட் நிறுவனங்களின் 800 வகை இரட்டைச் சிலிண்டர் இஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டரின் உள்விட்டம் 85 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 70 மில்லிமீற்றர். இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்துக் கொள்ளளவு ஏறத்தாழ 794 சிசி. ஏறி இறங்கும் தூரத்தை மாற்றுவதானால் பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்கையே மாற்ற வேண்டும் என்பதால் பெரும்பாலான கிட்டுகள் உள்விட்டத்தை மட்டுமே பெருப்பிக்கின்றன. 88 மில்லிமீற்றர் ஆக்கினால் 851 சிசி. 90 ஆக்கினால் 891 சிசி. அதாவது கடையில் கிடைக்கும் பெரிய அளவுகளில் ஒன்றைப் பூட்டினாலும் கூடுவது 12 சதவீதம்தான். வலு 12 சதவீதத்துக்கு வெகுவாக மேலே போகும் என்று ஒருவர் சொன்னால், சைலன்சரிலோ, கம்பிரஷனிலோ (கலவையைச் சிலிண்டருக்குள் நசுக்கும் அளவு), எரிபொருளிலோ அவர் வேறு ஏதோவொன்றையும் மாற்றியிருக்கிறார் என்று பொருள். அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த 12 சதவீதத்தை மலையின் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் காற்றை உறிஞ்சும் இஞ்சின் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கிறது. ரெவல்ஸ்டோக் நகரம் 480 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நாங்கள் வண்டி ஓட்டும் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலான சரிவுகளோ 2000 மீற்றரைத் தாண்டியவை. 7000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே அங்கே பிக் போர் கிட் செய்வது, மலை எடுத்துக்கொண்ட வலுவில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பித் தருவது மட்டுமே. அதுவும் சிறிய காரியமன்று. ஆழமான தூள்பனியில், நடு வேகத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்தும் இழுவை கூடுவதைக் கையிலேயே உணரலாம். நானும் அதற்காகத்தான் என் வண்டிக்குப் பூட்டினேன். ஆனால் கடல்மட்டத்தில் டைனோ என்ற வலு அளக்கும் கருவியில் அளந்த எண்ணை நம்பி மலையில் அதையே எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

கிட்டுகள் எல்லாம் ஒரே வகையல்ல. உங்களுடைய பழைய சிலிண்டரையே வாங்கி, கடைந்து, மீண்டும் பூச்சுப் பூசித் தருபவர்கள் உண்டு; புதிதாக வார்த்த சிலிண்டரைத் தருபவர்கள் உண்டு; இன்னும் பெரிய அளவு வேண்டுமெனில் கிராங்கைச் சுற்றியுள்ள கூடான கிராங்க்கேஸின் வாயையும் கடைய வேண்டிய கிட்டுகளும் உண்டு. இந்த இஞ்சின்களின் சிலிண்டர் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த கடினமான மெல்லிய பூச்சு இருக்கிறது. அந்தக் காலத்து இரும்புச் சிலிண்டரைப்போலக் கடைந்துவிட்டு அப்படியே ஓட்ட முடியாது. கடைந்தபின் பூச வேண்டும், பூசியபின் வைரக் கல்லால் உராய்ந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும், கடைசியாக ஒவ்வொரு போர்ட்டின் (கலவையும் புகையும் போய்வரும் சுவர்த் துளை) விளிம்பையும் சரித்து மழுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அந்த விளிம்பில் கொளுவி உடையும். சிலிண்டர் பெட்டியிலிருந்து வந்ததும் நான் முதலில் செய்வது, விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு போர்ட்டின் விளிம்பையும் தடவிப் பார்ப்பதுதான். கூர்மை தட்டினால் அந்த சிலிண்டர் அன்றைக்குப் பூட்டப்படாது. பழைய சிலிண்டரை மிகவும் கடைந்தால் சுவர் மெலிகிறது. போர்ட்டுகளின் அகலமும் புதிய உள்விட்டத்துக்குப் போதாமல் போகிறது. செலவு கூடினாலும், முதலிலிருந்தே பெரிய அளவுக்கென வார்க்கப்பட்ட சிலிண்டரையே நான் விரும்புகிறேன். கிராங்க்கேஸைக் கடையும் கிட் வேண்டாமென்றே சொல்வேன். இஞ்சினை முழுதாகக் கழற்றி, கிராங்கை வெளியே எடுத்துச் செய்யும் அந்த வேலையைச் செய்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை.

பிஸ்டனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் நானே அதில் அடிபட்டவன். வார்ப்பு பிஸ்டன், அடித்து உருவாக்கிய பிஸ்டன் என இரண்டு வகை உண்டு. அடித்து உருவாக்கியது வலிமையானது. ஆனால் சூடேறும்போது அதிகமாக விரிவதால், அதைச் சிலிண்டருக்குள் கூடுதல் இடைவெளி விட்டே பூட்ட வேண்டும். என் வண்டிக்கு அப்படிப்பட்ட பிஸ்டனைப் பூட்டிய முதல் குளிர்காலத்தில், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில், நண்பர்கள் முன்னே போய்விட்டார்கள் என்ற அவசரத்தில், இரண்டே நிமிடம் சூடாக்கிவிட்டு முழு வேகத்தில் ஏறினேன். பிஸ்டன் விரிந்துவிட்டது, குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சிலிண்டர் விரியவில்லை. வண்டி ஒரு முனகலோடு இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில், கத்தியால் வழித்ததுபோல ஒரே அளவில் நான்கு கீறல் பட்டைகள் இருந்தன. சிலிண்டர் சுவரில் அதே நான்கு இடங்களில் அலுமினியம் வெள்ளி நிறத்தில் ஒட்டியிருந்தது. கிட்டில் ஒரு குறையும் இல்லை, பிழை முழுவதும் என்னுடையது. அன்று முதல், வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு, தண்ணீர் திரும்பிவரும் குழாயில் கையை வைத்து, சூடு தெரிந்த பிறகே ஏறுகிறேன். அவ்வளவு பொறுமை தனக்கு இல்லை என்று அறிந்தவர் வார்ப்பு பிஸ்டன் உள்ள கிட்டை வாங்குவதே புத்தி.

அடுத்தது, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே எஞ்சும் இடைவெளி. ஸ்குவிஷ் என்று நாங்கள் சொல்லும் இதை அளக்காமல் எந்தக் கிட்டையும் முடுக்கிவிடாதீர்கள். பற்றவைக்கும் ஈயக்கம்பியின் நுனியை வளைத்து, பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, பிஸ்டனைத் தாங்கும் 'பின்' (pin) என்ற குறுக்குத் தண்டு இருக்கும் திசையில் பிடித்துக்கொண்டு, இஞ்சினைக் கையால் ஒருமுறை சுற்ற வேண்டும். நசுங்கிய நுனியைக் கலிப்பரில் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இந்த அளவு இஞ்சின்களில் 1.3 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை இருந்தால் எனக்கு நிம்மதி. சென்ற இலையுதிர் காலத்தில் வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த கிட்டில் ஒரு சிலிண்டரில் 1.4, மற்றதில் 0.9 என்று வந்தது. விற்றவர்களை அழைத்தபோது, "பூட்டி ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். அது சரியாகிற விடயமல்ல. ஒரே இஞ்சினில் ஒரு சிலிண்டர் மற்றதைவிடக் கூடுதல் கம்பிரஷனில் ஓடினால், எரிபொருள் கலவை தன்பாட்டில் வெடித்து, பிஸ்டனின் விளிம்பு பூச்சி அரித்ததுபோல ஆகிவிடும். அந்தச் சிலிண்டரைத் திருப்பி அனுப்பி மாற்று வாங்க ஐந்து வாரம் பிடித்தது. முதல் பனி போய்விட்டதே என்று வாடிக்கையாளர் வருந்தினார், ஆனால் இஞ்சின் தப்பியது.

பூட்டும் வேலையில் மற்றவை எல்லாம் கவனம் சார்ந்தவை. பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளையக் கிளிப்பை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாது. புதியதைப் போடும்போது கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், இல்லையெனில் அது துள்ளி உள்ளே விழுந்து அன்றைய நாளையே தின்றுவிடும். பிஸ்டனில் உள்ள அம்புக்குறி புகைபோக்கிப் பக்கம் பார்க்க வேண்டும். உள்விட்டம் பெருத்ததால், புகை வெளியேறும் போர்ட்டிலுள்ள எக்ஸாஸ்ட் வால்வின் தகடு பிஸ்டனைத் தொடக்கூடும். அதைக் கையால் முழுதாக உள்ளே தள்ளி, பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தே மூட வேண்டும். எல்லாம் பூட்டியபின் காற்றுப் போகும் வழிகளை அடைத்து, 6 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி, 6 நிமிடம் அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கிறேன். கிராங்க் சீலில் ஒரு மயிரிழை ஒழுக்கு இருந்தாலும் கலவையில் காற்று கூடி, புதிய பிஸ்டன் முதல் நாளே உருகும்.

எரிபொருள்தான் பலர் கையைச் சுருக்கும் இடம். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதுபோல, கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, எரிபொருளைத் திருத்தும் கருவிக்கு மட்டும் பழையதே போதும் என்கிறார்கள். இஞ்சின் பெருத்தால் பெற்றோலும் கூட வேண்டும். தொழிற்சாலை கணினி தன் பழைய அளவிலேயே ஊற்றினால் கலவையில் பெற்றோல் குறைந்து, சூடு ஏறும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில், அந்த இன்ஜெக்டரின் எல்லையையும் பார்க்க வேண்டும். கிட் விற்பவர், உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் நீங்கள் ஓட்டும் உயரத்துக்கும் ஏற்ற எரிபொருள் திருத்தத்தைக் கூடவே தருகிறாரா என்பதே என் முதல் கேள்வி. தராதவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்க மாட்டேன். கம்பிரஷனைக் கூட்டிய கிட் மலையுச்சியில் 91 ஒக்டேனில் நன்றாகவே ஓடும். அதே வண்டியைத் தாழ்வான சமவெளியில் முழு வேகத்தில் ஓட்டினால் காற்றின் அடர்த்தி கூடி, அதே பெற்றோல் போதாமல் போகும். மனித்தோபாவிலும் ஒன்ராறியோவிலும் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிளட்சை மறந்துவிடாதீர்கள். வலு கூடினால் பழைய எடைகளோடு இஞ்சின் தன் உச்ச வேகத்தைத் தாண்டிச் சுழலும். முன் கிளட்சின் எடைகளில் சில கிராம் ஏற்றினால்தான் கூடிய வலு பெல்ட் வழியாக வண்டியை ஓட்டும் ரப்பர்ப் பட்டைக்குப் போகும்.

இதற்கெல்லாம் பதிலாக, காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் ஏற்றும் டர்போ வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஸ்கீ-டூ 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டிய இரண்டு ஸ்ட்ரோக் மலை வண்டியைக் கொண்டுவந்தது. 8000 அடி வரை 165 குதிரைவலுவைத் தக்கவைப்பதாக அதைச் சொன்னது. போலாரிஸ் 2022 மாடலில் அதே வழியில் போனது. பின்பு 2023 மாடலில் டர்போ இல்லாத 899 சிசி இஞ்சினையும் தானே செய்து தந்தது. புதிய வண்டி வாங்கும் வசதி உள்ளவர், உத்தரவாதத்தை இழந்து பிக் போர் கிட் பூட்ட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆனால் பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடி, பிஸ்டனும் ரிங்கும் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் உள்ள 800 வண்டி ஒன்று கையில் இருந்தால், அந்தச் செலவோடு இதையும் சேர்த்துச் செய்வது நியாயம். அப்போதும் கிராங்கை அளந்து பாருங்கள். அழுத்திப் பூட்டிய கிராங்க் சற்றே திருகியிருந்தால், கனத்த பிஸ்டன் அதை முற்றாகத் திருகிவிடும், முதலுக்கே மோசமாகும்.

புதிய கிட்டோடு முதல் இரண்டு நாளும் உங்கள் வாகனத்தை நிறுத்திய இடத்துக்கு அருகே, வழக்கமான பாதையிலேயே ஓட்டுங்கள். வாகனத்திலிருந்து 30 கிலோமீற்றர் தள்ளி, மாலை மங்கும் நேரத்தில், ஆளில்லாத பள்ளத்தாக்கில் இறுகிய இஞ்சினோடு நிற்பது உயிருக்கு ஆபத்தான நிலை. செங்குத்துச் சரிவின் நடுவே நின்றுவிட்டால் பனிச்சரிவின் வழியில் நிற்கிறீர்கள். இதே ரெவல்ஸ்டோக்கின் போல்டர் மலையில் 2010 மார்ச்சில் ஸ்னோமொபைல்காரர்கள் கூடியிருந்த இடத்தில் பனி சரிந்து இருவர் மாண்டதை இந்த ஊர் மறக்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிட் பூட்டிக் கொடுக்கும் கராஜ் எதுவானாலும், ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்குவிஷ், பிஸ்டன் இடைவெளி, ரிங்கின் முனை இடைவெளி, ஏற்றிய எரிபொருள் திருத்தம், கிளட்ச் எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேளுங்கள். அளந்தவருக்கு அதை எழுத ஐந்து நிமிடம் போதும். கழற்றிய பழைய சிலிண்டர்களுக்கு எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, அந்தத் தாளோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
ஸ்னோமொபைல் மெக்கானிக் ஒருவர்,
ரெவல்ஸ்டோக், பிரித்தானிய கொலம்பியா