கெல்ட் மணிக்கு அமிலம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐரோப்பாவின் தொல்குடிகளான கெல்ட் மக்களின் பழங்காலக் கண்ணாடி மணிகளைக் கையால் செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பில் இரண்டு தவறுகள் உள்ளன. மணியின் கண்களை, அதாவது அதன்மேல் உள்ள வட்டப் புள்ளிகளை, எனாமலால் வரையலாம் என்பது ஒன்று. அமிலத்தில் தோய்த்தால் பழைய தோற்றம் வரும் என்பது மற்றொன்று.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஆராஸ் என்ற இடத்து 'அரசி' கல்லறையில் நூறளவில் மணிகள் கிடைத்தன. நீல மணிகளில் உள்ள வெள்ளைக் கண்கள் வரைந்தவை அல்ல, கண்ணாடிமேல் கண்ணாடி வைத்து உருக்கியவை. சாமர்செட்டின் மியர் மணிகளில் நிறமற்ற உடல்மேல் ஓடும் மஞ்சள் சுருளும் அப்படியே. இவை உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்தவை. அதனால் உள்ளே இருக்கும் குமிழிகளும் கோடுகளும் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். நம் அரிக்கமேட்டுச் சிறுமணிகள் குழாயாக இழுத்து நறுக்கியவை, அவற்றில் கோடுகள் துளையோடு நேராக ஓடும். நகல் சரியா என்று பார்க்க லென்ஸ் ஒன்று போதும்.

துளை அகலமாக வர 4 அல்லது 5 மி.மீ. எஃகுக் கம்பியைக் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் அலுமினாத் தூளும் கலந்த கூழில் தோய்த்து நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் பூச்சு உதிரும், மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். நீலக் கண்ணாடிக் கோலைச் சுடரின் நுனியில் மெல்லச் சூடேற்றிய பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் நுனி வெடித்துத் தெறிக்கும். சுற்றி உருண்டையாக்கியதும் வெள்ளைப் புள்ளி வைத்து மட்டமாக உருக்கி, அதன் நடுவில் சிறிய நீலப் புள்ளி. சிக்கலெல்லாம் இங்கேதான். புள்ளியின் அடியில் காற்று சிக்கினால் பிறகு குழி விழும். சூடு அதிகமானால் வெள்ளை பரவி வளையம் கலங்கிவிடும். வெள்ளையின்மேல் மெல்லிய நீலம் வெளிறித் தெரியும் என்பதால் அடர்நீலமே எடுக்க வேண்டும். எல்லாக் கோல்களும் ஒரே விரிவுக் கெழு (சூட்டில் விரியும் அளவைக் குறிக்கும் எண்) கொண்டவையாக இருக்கட்டும்; 104 வகையோடு 90 வகையைக் கலந்தால், அன்றைக்கு இல்லாவிட்டாலும் சில நாளில் மணி விரிசல் விடும்.

முடிந்த மணியைச் சூளையில் 510 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, 370 வரை மெதுவாக இறக்க வேண்டும். வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளில் புதைப்பது ஆறுவதைத் தாமதப்படுத்தும், உள் இறுக்கத்தை நீக்காது. துளையில் ஒட்டிய பூச்சைத் தண்ணீருக்குள் வைத்தே தேய்க்க வேண்டும், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இனி அமிலம். அகழ்வில் எடுத்த மணி மங்கியிருப்பது மண்ணின் ஈரம் அதன் சோடாவைக் கரைத்து இழுத்ததால்தான்; செய்த நாளில் அது பளபளத்தது. கண்ணாடியை அரிப்பது ஹைட்ரோபுளோரிக் அமிலம். தோல் வழியே இறங்கி எலும்பின் சுண்ணாம்புவரை தாக்கும் பொருளை வாசகர்களுக்குச் சமையல் குறிப்புபோல் சொல்வது சரியல்ல. செயற்கையாக மங்கவைத்த நகல், பழம்பொருள் என்று விற்பவருக்குத்தான் உதவும். விற்பனைக்குச் செய்பவர்கள் அதைப் பளபளப்பாகவே விட்டு, செய்த ஆண்டை அட்டையில் எழுதிக் கட்டிக் கொடுக்கட்டும்.

– கண்ணாடி மணி செய்வோர், புதுச்சேரி