மக்கும் பைகள்: எங்கே, எத்தனை நாளில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவுச்சத்து போன்ற இயற்கைப் பொருள்களால் ஆன மக்கும் பைகளைக் கடைதோறும் கட்டாயமாக்கிவிட்டால் பிளாஸ்டிக் தொல்லை தீரும் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பைகளாகும் மெல்லிய படலங்களின் இயல்பைப் பேசாமல், நேதாஜி மார்க்கெட்டில் தண்ணீர் சொட்டும் கீரைக்கும் ஓட்டலில் கொதிக்கக் கொதிக்கக் கட்டித் தரும் சாம்பாருக்கும் ஒரே கவரைப் பரிந்துரைப்பது சரியாகாது.

மாவுச்சத்துப் படலத்தின் குணத்தை அறிய ஆய்வகம் வேண்டியதில்லை. வேலூர்க் கோடையில் மொட்டை மாடித் துணியில் காயும் ஜவ்வரிசி வடாமும் அதே பொருள்தான்: வெயிலில் நன்கு காய்ந்தால் தொட்டவுடன் உடையும், ஐப்பசி ஈரத்தில் வைத்தால் நமுத்து வளையும். பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்தில், 5 கிராம் குச்சிக்கிழங்கு மாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, கஞ்சி தெளியும்வரை காய்ச்சி, எவர்சில்வர் தட்டில் ஊற்றி மாணவர்களை உலர்த்தச் சொல்வேன். அது விரிசல் விட்டுச் சில்லுச் சில்லாகப் பெயரும். காய்ச்சும்போதே ஒன்றரை கிராம் கிளிசரின் சேர்த்த கஞ்சியோ மடிக்கக்கூடிய தாளாக உரிந்து வரும். மாவுச்சத்தின் மூலக்கூறுச் சங்கிலிகளின் இடையே கிளிசரின் புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்துவதே காரணம். ஆனால் அந்தக் கிளிசரினும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், வளையும் தன்மை கூடக் கூட வலுக் குறைகிறது.

இங்கேதான் முக்கியமான சிக்கல் உள்ளது. மாவுச்சத்து மூலக்கூறுகள் தண்ணீரைப் பற்றிக்கொள்வதாலும், நுண்ணுயிரிகளின் அமைலேஸ் நொதி அவற்றைத் துண்டிக்க இடம் இருப்பதாலும்தான் அது மண்ணில் மக்குகிறது. வழக்கமான பிளாஸ்டிக் பைகளின் பொருளான பாலிஎத்திலீனில் தண்ணீருக்கும் நொதிக்கும் அப்படிப் பிடி கிடைப்பதில்லை, அதனால்தான் அது கிழியாமல் பல மடங்கு நீண்டு, ஈரத்தையும் தடுத்து, பாலாற்று வேலிக்காத்தான் முள்ளில் ஆண்டுக்கணக்கில் தொங்குகிறது. ஆகவே எளிதில் மக்கும் குணமும் நனைந்தால் கிழியும் குணமும் ஒரே காரணத்தில் பிறந்தவை. மெழுகு பூசியோ, பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் பிபிஏடி என்னும் மக்கும் பாலிமரைக் கலந்தோ நீரைத் தடுக்கலாம். அப்படிக் கலந்தால் மக்கும் வேகம் பெரும்பாலும் குறையும், பையும் முழு இயற்கைப் பொருளாக இராது. மாறாக, உலர்ந்த நிலையில் மாவுச்சத்தும் புரதமும் ஆக்சிஜனைப் பாலிஎத்திலீனைவிட நன்றாகத் தடுப்பவை. உலர்ந்த பண்டங்களுக்கு உள்ளுறையாக அவை பொருந்தும்.

இத்தகைய இயற்கைப் படலங்களில் நம் பகுதிக்கு உரியது ஜெலாட்டின். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஆலைகளில் (டேனரிகளில்) சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைச் சுத்தம் செய்கையில் கழியும் சவ்விலும் துண்டுகளிலும் கொலாஜன் என்னும் புரதம் இருக்கிறது. அதிலிருந்து வச்சிரப் பசையும் ஜெலாட்டினும் எடுப்பது பழைய தொழில். மருந்துக் குளிகையின் கூடாக நாம் விழுங்குவது ஜெலாட்டின் படலமே. அது வெதுவெதுப்பான நீரிலேயே கரைந்துவிடும் என்பதால் கடைப் பைக்கு உதவாது, நாற்றங்கால் விதைகளைப் பொதிய உதவும். குரோம் உப்பால் பதனிட்ட தோலின் சீவல் மட்டும் அதில் கலந்துவிடக் கூடாது. டேனரிக் கழிவால் மாசுபட்ட பாலாற்றின் கரையில் வாழ்பவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரையும், பூஞ்சையை மட்டுப்படுத்தும். அதைப் பையாக்குவதைவிடக் காய் கனிகளின் மேற்பூச்சாக்குவது பொருத்தம்.

கடையில் வாங்கிய ஒரு கவரைப் பார்த்தேன். பச்சை இலைப் படமும் '100% இயற்கை' என்ற வரியும் இருந்தன. தயாரிப்பாளர் பெயரும் இல்லை, சான்றிதழ் எண்ணும் இல்லை. உரமாகும் பைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 17088 கேட்பது, சுமார் 58 டிகிரி வெப்பமுள்ள உரமாக்கும் சூழலில் 180 நாளுக்குள் கார்பனில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பதாகும். நம் கொல்லைக் குழியில் அந்த வெப்பம் நிலைத்து நிற்பதில்லை. வாய்க்காலில் எறிந்த பைக்கு அந்தச் சான்று எந்த உறுதியும் தருவதில்லை. மக்கும் பிளாஸ்டிக் என விற்கப்படுவதில் எந்தச் சூழலில், எத்தனை நாளில் மக்கும் என்பதை அச்சிட வேண்டும் என்று மத்திய அரசின் 2024ஆம் ஆண்டுத் திருத்த விதிகளே கூறுகின்றன.

எனவே சோதனைக்கு வரும் மாநகராட்சி அலுவலர்கள் பையின் தடிமனை அளப்பதோடு நின்றுவிடாமல், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணையும் கேட்க வேண்டும். உண்மையான உரமாகும் பைகளை மக்கும் குப்பையோடு தனியே பெற்று, போதிய வெப்பம் எழும் பெருங்குவியலில் மக்கவைக்கவும் ஏற்பாடு தேவை. சாம்பாருக்குத் தூக்குவாளியும், கீரைக்குத் துணிப்பையும், பூவுக்கு வாழை இலையும் இருக்க, மாவுச்சத்துப் படலத்தை முதலில் நாற்றுப் பைகளிலும், செடிகளைச் சுற்றி மண்மேல் விரிக்கும் நிலப்போர்வையிலும் பயன்படுத்திப் பார்க்கத் தோட்டக்கலைத் துறை முன்வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.