கெட்டி ஆயில் ஊற்றினால் ஷாக் சரியாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றிய உங்கள் பக்கத்தில், பின்பக்க ஷாக் (குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) ஒழுகினால், ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் சீலை மாற்றி 40 நம்பர் இன்ஜின் ஆயில் ஊற்றினால் போதும் என்று ஒரு யோசனை வந்திருந்தது. பல பட்டறைகளில் நடக்கிற வழக்கம்தான். ஆனாலும் தவறு. பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் இதை நம்பி நல்ல ஷாக்கைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது மட்டுமே ஆயிலின் வேலை. ராடின் (ஷாக்குக்குள் போய்வரும் கம்பி) முனையில் இருக்கும் பிஸ்டனின் சின்னத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கியடித்துப் போகும்போது அந்தத் துள்ளல் சூடாக மாறிவிடுகிறது. துளையின் அளவு மெல்லிய ஆயிலுக்கென்று வைக்கப்பட்டது. முன்பக்க போர்க்குக்கு ஊற்றும் 10 நம்பர் போர்க் ஆயிலின் பிசுக்கு 40 டிகிரி செல்சியஸில் சுமார் 30 முதல் 40 சென்டிஸ்டோக் (பிசுக்கை அளக்கும் அலகு). 40 நம்பர் இன்ஜின் ஆயிலுக்கு அதே சூட்டில் 130-க்கும் மேல். ஊற்றிப் பாருங்கள், கையால் அமுக்கும்போது ஷாக் புதுசு போல இறுக்கமாக இருக்கும். வாங்குபவர் மயங்குவது அங்கேதான். சாலையில் ஒரு குழியில் இறங்கிய சக்கரம் திரும்பி நீள்வதற்குள் அடுத்த குழி வந்துவிடும். நாலைந்து குழிக்குப் பிறகு ஷாக் குந்தியபடியே நின்று, கடைசியில் அடி தட்டும். வேகமான அசைவில் கெட்டி ஆயில் பிஸ்டனுக்குப் பின்னால் நிரம்பி வர நேரம் போதாமல் வெற்றிடம் உண்டாகி நுரைக்கும். நுரைத்தால் அடக்கமே இருக்காது.

சீல் தானாகக் கெடுவது குறைவு, அதைக் கெடுப்பது ராடு. மழையிலும் சேற்றிலும் கிடந்த ராடின் குரோமில் ஊசி முனை அளவு துருப் பள்ளங்கள் விழும். ராடைத் துடைத்துவிட்டு நகத்தால் நெடுக வருடுங்கள். எங்காவது நகம் தட்டினால் அந்த ராடில் எந்தப் புது சீலும் நிற்காது, சீலின் உதடு (ராடை உரசி நிற்கும் விளிம்பு) அறுபட்டுவிடும். எமரி தாளால் தேய்ப்பது வீண்வேலை. பழைய குரோமை எடுத்து, கிரைண்டிங் செய்து, ஹார்டு குரோம் ஏற்றி, மறுபடி அளவுக்குக் கிரைண்டிங் செய்ய வேண்டும். முடிவில் குரோம் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் தடிமன் நிற்கட்டும். ஹேண்டில்பாருக்குப் போடும் பளபள குரோம் இதற்கு உதவாது. அதில் நிக்கலுக்கு மேல் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. ராடு மிகவும் கெட்டிருந்தால், ஹைட்ராலிக் சிலிண்டருக்கு விற்கும் ஹார்டு குரோம் ராடை வாங்கி, லேத்தில் முனைகளுக்கு மரை போட்டுக்கொள்ளலாம். 10 மில்லிமீட்டர் ராடு என்றால் மைக்ரோமீட்டரில் 9.972-க்கும் 9.987-க்கும் இடையில் வர வேண்டும். ராடை வழிநடத்தும் பித்தளைப் புஷ்ஷையும் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் ராடு பக்கவாட்டில் சாய்ந்து சீலை ஒரு பக்கமாகவே தின்னும்.

சீல் கடையில் அளவை மட்டும் சொன்னால், சுழலும் தண்டுக்கான ஆயில் சீலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அளவு பொருந்தும், வேலை செய்யாது. மேலும் கீழும் ஓடும் ராடுக்கான நைட்ரைல் ரப்பர் சீல் என்று கேட்டு வாங்குங்கள். பொருத்தும்போது சீலின் சுருள் கம்பி ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். ராடின் மரைமேல் செல்லோடேப் சுற்றி, ஆயில் தடவி இறக்குங்கள். புது சீல் முதல் நாளே ஒழுகினால், மரை அதன் உதட்டைக் கீறியிருக்கும்.

பிரிக்கும்போது ஸ்பிரிங்கை அமுக்க அதற்கான கருவியே வேண்டும். இரண்டு பேர் கால் வைத்து மிதித்து, ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் கோலெட்டைப் பிடுங்குவதில் பல் போகும். கேஸ் ஷாக் என்றால் பட்டறையில் திறக்கவே வேண்டாம். உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும். நாம் பேசுவது வெறும் ஆயில் ஷாக் பற்றி. இரட்டைக் குழாய் ஷாக்கில் உள்குழாயின் அடியில் உள்ள வால்வைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடிக்க வேண்டும். அதில் ஒரு மணல் துகள் மாட்டினால் அமுக்கும்போது எதிர்ப்பே இராது.

இனி ஆயில் அளவு. வடித்த ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றுவது பயனில்லை, பாதி ஏற்கெனவே ஒழுகியிருக்கும். உள்குழாயை விளிம்பு வரை நிரப்பி, வெளிக்குழாயில் காற்றுக்கு இடம் விட வேண்டும். எவ்வளவு? 10 மில்லிமீட்டர் ராடு 70 மில்லிமீட்டர் உள்ளே போனால் 5.5 சிசி இடத்தைப் பிடிக்கும். 60 சிசி ஆயில் 50 டிகிரி சூடேறினால் இன்னொரு 2 சிசி விரியும். ஆக 7.5 சிசி. அதற்கு இரு மடங்கு, குறைந்தது 15 சிசி, காலியாக இருக்கட்டும். விளிம்பு வரை ஊற்றி மூடினால் ஆயில் அமுங்காது, சீல்தான் பிதுங்கும். மூடிய பிறகு ஷாக்கை நிமிர்த்தி வைத்து ராடை முழு நீளமும் மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை இழுத்து அமுக்குங்கள். நடுவில் எங்கும் 'பொக்' என்று வெறுமையாக ஓடக் கூடாது. அமுக்கும்போதைவிட இழுக்கும்போது கனமாக இருக்கும், அது சரியே. அமுக்கிவிட்ட ராடு கை எடுத்ததும் பட்டென்று மேலே வந்தால் ஆயில் அதிகம். பிறகு ஓர் இரவு படுக்க வைத்து, கீழே தாளை விரித்துக் கசிவைப் பாருங்கள் (உங்கள் நாளிதழே போதும்).

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அழகுக்காக ஸ்பிரிங்குக்கு குரோம் போடும் மோகம் இப்போது அதிகம். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் பெரும்பகுதி வெளியேறும். அதைச் செய்யும் முலாம் கடை அரிது. செய்யாத ஸ்பிரிங் ஓட்டத்தில் முறியலாம். பவுடர் கோட்டிங்கோ நல்ல பெயின்டோ போதும்.

எப்போதும் இரு பக்க ஷாக்கையும் ஒன்றாகச் செய்யுங்கள், ஒரே ஆயில், ஒரே அளவு. ராடு மேலேயும் குழாய் கீழேயும் வரும்படி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் அடிவால்வு காற்றை உறிஞ்சும். படுக்க வைத்திருந்த ஷாக்கை மாட்டும் முன் மறுபடி நிமிர்த்தி நாலு தடவை இழுத்துவிடுங்கள். ரப்பர் புஷ்ஷின் நட்டுகளை, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஆள் உட்கார்ந்த பிறகே முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் சைக்கிள் ஷாக் சீரமைக்கும் பட்டறையினர்,
கோயம்புத்தூர்