முதல் சாய்கோட்டுக்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் "இதைத் தொட்டுப் பெறுபேறு பாருங்கள்" என்று லிங்க் மேல் லிங்க் வரும். போன் அம்மாவுடையதாக இருந்தாலும் தொடுவது பிள்ளைதான். "தெரியாத லிங்க்கைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். எது தெரிந்தது, எது தெரியாதது என்று பிரித்துப் பார்க்க வழி தெரியாத பிள்ளைக்கு அந்தப் புத்திமதியால் என்ன பயன்? தரம் 6 பிள்ளைக்கு இணைய முகவரியை வாசிக்கப் பழக்க 40 நிமிடப் பாடவேளை ஒன்று போதும். அதைச் செய்யும் விதத்தைச் சொல்லவே இக்கடிதம். உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு.

"இணைய முகவரி வீட்டு முகவரி மாதிரி" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வாழும் பல பிள்ளைகளுக்கு வீட்டுக்கென்று தனி முகவரியே கிடையாது. கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வந்து, அங்கிருந்து ஆளைத் தேடிப் போகும். ஆனாலும் அந்தக் கடித உறையை வைத்தே பாடத்தை நடத்தலாம். பெயர், லயத்து இலக்கம், மேல்பிரிவு, தோட்டம், ஊர், இலங்கை என்று சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது. பக்கத்தில் கல்வி அமைச்சின் கற்றல் தளத்து முகவரியை எழுதுங்கள்: ஈ-தக்சலாவ.எம்ஓஈ.கவ்.எல்கே. (பலகையில் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும்; இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறேன்.) எல்கே இலங்கை, கவ் அரசாங்கம், எம்ஓஈ கல்வி அமைச்சு, ஈ-தக்சலாவ அந்த அமைச்சின் ஒரு தளம். உறையைக் கீழிருந்து மேலே பார்த்துத்தானே தபால் பிரிக்கிறார்கள்; இதையும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும்.

பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். தளத்தின் பெயர் முடிந்து ஒற்றைச் சாய்கோடு (/) வந்ததும் வரிசை தலைகீழாகிவிடும். அதற்குப் பின்னால் வருபவை பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்கும்: தரம் 6, கணிதம், பாடம் 3. அதனால் முகவரியைக் கடதாசிப் பட்டியில் பெரிதாக எழுதி, அந்த முதல் ஒற்றைச் சாய்கோட்டில் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லுங்கள். இடப்பக்கத் துண்டு எந்த இடம் என்று சொல்லும், வலப்பக்கத் துண்டு அந்த இடத்துக்குள் எந்தப் பக்கம் என்று சொல்லும். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்ற எழுத்துகளை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது தேவையே இல்லாத ஒன்று என்று வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீயே 2009இல் ஒப்புக்கொண்டார்.

வெட்டப் பழகிய பிறகு ஒரு போலி முகவரியைக் கொடுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் உண்மையான தளம் டொனெட்ஸ்.எல்கே. போலி இப்படி இருக்கட்டும்: டொனெட்ஸ்.எல்கே.பெறுபேறு-பார்.கொம், பிறகு சாய்கோடு. தொடக்கத்தைப் பார்க்கும் பிள்ளை "திணைக்களம்" என்று சொல்லும். சாய்கோட்டிலிருந்து பின்னோக்கி வாசிக்கும் பிள்ளைக்குக் கொம், அதற்கு முன் பெறுபேறு-பார் என்பவை முதலில் கண்ணில் படும். அந்தப் பெயரை வாங்கியவர்தான் இடத்தின் சொந்தக்காரர். ஒரு பெயரை விலைக்கு வாங்கியவர் அதன் இடப்பக்கத்தில் தமக்கு விருப்பமான எதையும் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். லயத்து அறைக் கதவில் "ஜனாதிபதி மாளிகை" என்று எழுதி ஒட்டினாலும் கடிதம் அதே தோட்டத்துக்குத்தானே போகும்!

கவ்.எல்கே என்று முடியும் பெயர் அரச நிறுவனங்களுக்கே கிடைக்கும். அதற்காகக் கவ் இல்லாததெல்லாம் போலி என்று சொல்லிக்கொடுத்துவிட வேண்டாம், டொனெட்ஸ்.எல்கேயில் அது இல்லை. முகவரிக்குப் பக்கத்தில் உலாவி காட்டும் பூட்டுக் குறியைப் பார்த்து நம்பச் சொல்வதையும் விட்டுவிடலாம். இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அதற்கான சான்றிதழைக் கள்ளத் தளமும் இலவசமாகவே பெற்றுக்கொள்ளும். குரோம் உலாவி 2023இல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு குறி வைத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

லிங்க்கைப் புரியவைக்கக் கம்பளி நூல் வேண்டும். 6 தாள்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முகவரி எழுதுங்கள். முதல் தாளில் "தேயிலை" என்ற சொல்லை நீல நிறத்தில் கோடிட்டு, அதிலிருந்து இன்னொரு தாளுக்கு நூல் இழுங்கள். கோடிட்ட சொல் வேறு, நூல் போய்ச் சேரும் முகவரி வேறு என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். "இங்கே தொடவும்" என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த முகவரியும் ஒளிந்திருக்கலாம். கணினியில் சுட்டியை மேலே வைத்தால் அது திரையின் கீழ் மூலையில் தெரியும்; போனில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் தெரியும். கியூஆர் கட்டமும் லிங்க்தான், கண்ணால் வாசிக்க முடியாத லிங்க்.

இப்போது ஒரு தாளைக் கழற்றி வேறு சுவரில் ஒட்டுங்கள். நூல் அந்தரத்தில் தொங்கும். 404 என்று திரையில் வருவது இதுதான்: தளம் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, கேட்ட பக்கம் அங்கே இல்லை. மலைநாட்டில் இதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே எது திறக்காவிட்டாலும் சிக்னல் மேல் பழி போடும் பழக்கம் உண்டு. 404 வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிப் பயனில்லை. முகவரியின் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சாய்கோடாக அழித்துப் பார்த்தால், பக்கம் இடம் மாறியிருந்தாலும் பெரும்பாலும் அதன் தாய்ப் பக்கம் கிடைத்துவிடும்.

தமிழ் விக்கிப்பீடியா லிங்க்கை ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக நீண்டு வருவதைப் பார்த்து, வைரஸ் என்று பயப்படும் பிள்ளைகள் உண்டு. "மலை" என்ற சொல் கணினிக்கு ம, ல, ஐகாரக் குறி என மூன்று. ஒவ்வொன்றும் 9 ஆங்கிலக் குறிகளாக மாறுவதால் 27 ஆகிறது, அவ்வளவுதான். போனில் தட்டும்போது புள்ளிக்குப் பின்னால் விசைப்பலகை தானாகவே இடைவெளி விடுவதுதான் இதைவிடப் பெரிய தொல்லை. இடைவெளி விழுந்தால் உலாவி அதை முகவரியாக எடுக்காமல் தேடலுக்கு அனுப்பிவிடும், தேடலின் உச்சியில் விளம்பரம் நிற்கும்.

இனி வேண்டுகோள். பத்திரிகைப் பத்தி குறுகலானது என்பதால் நீண்ட முகவரிகள் வரி முடிவில் இடைக்கோடு போட்டு உடைக்கப்படுகின்றன. அந்தக் கோட்டையும் சேர்த்துத்தான் பிள்ளை தட்டும். வாக்கிய முடிவில் வைக்கும் முற்றுப்புள்ளியும் முகவரியோடு ஒட்டிக்கொள்கிறது. பரீட்சை, விண்ணப்ப அறிவித்தல்களிலாவது முகவரியைத் தனி வரியில், இறுதிப் புள்ளியும் இடைக்கோட்டு உடைப்பும் இல்லாமல் அச்சிடுங்கள். கியூஆர் போட்டால் அதன் கீழே முகவரியை எழுத்திலும் தாருங்கள்.

இப்படிக்கு,
தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.