மஸ் மிக்கெல்சனும் உன் இருபத்தெட்டும்

அன்புள்ள மகள்,

புதன்கிழமை போனில் "இருபத்தெட்டு வயதில் யாராவது நடிப்புப் பள்ளிக்குப் போவார்களா" என்று நான் கேட்டதும் "சரி அம்மா" என்று வைத்துவிட்டாய். அந்தச் "சரி" எனக்கு நித்திரையைக் கெடுத்துவிட்டது.

பிறகுதான் நம்ம டென்மார்க் நடிகர் மஸ் மிக்கெல்சனின் நினைவு வந்தது. (வெளிநாட்டுக்காரர் மேட்ஸ் என்கிறார்கள், இங்கே டென்மார்க்கில் யார் அந்த 'ட்' எழுத்தையெல்லாம் உச்சரிக்கிறார்கள்!) 2000இல் 'ரைசஹோல்டெ' டீவி தொடர் தொடங்கியபோது உனக்கு மூன்று வயது. ஞாயிறு இரவானால் அப்பா ரிமோட்டில் 399 அமுக்கி, பேசுவதை டெனிஷ் எழுத்தில் திரையின் கீழே வரவைப்பார், அவருடைய மடியில் நீ நித்திரை. நாடு முழுக்கப் போய்க் கொலைகளை விசாரிக்கும் அந்தப் பொலிஸ் குழுவில் ஃபிஷராக வந்தவர்தான் இவர். சொற்களை விழுங்கிப் பேசுகிற இந்த மொழி எனக்குக் கொஞ்சமாவது பிடிபட்டது அந்த எழுத்தாலும் அவருடைய முகத்தாலும்தான்.

அவருடைய தாய் நர்ஸ், தகப்பன் வங்கியில் வேலை. முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ், அப்புறம் கிட்டத்தட்ட பத்து வருடம் நடனம். 1996இல் ஓகூஸ் நகர நாடகப் பள்ளியை முடித்தபோது வயது முப்பது. நீ விண்ணப்பிக்கப்போகும் அதே ஊர்! அதே வருடம் 'புஷர்' படத்தில் மொட்டைத்தலையின் பின்பக்கம் பச்சை குத்திய சில்லறை ரவுடியாக வந்தார். பத்து வருடம் கழித்து ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கண்ணில் இரத்தம் வடிகிற வில்லன். ஹாலிவுட் இவரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் கெட்டவனாகத்தான் கூப்பிடுகிறது, அதில் எனக்குப் பெரிய பிடிப்பில்லை. 'யாக்டன்' படத்தைப் பார், அதற்குத்தான் 2012இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. சின்னப் பிள்ளை ஒன்று சொன்ன பொய்யால் ஊரே ஒதுக்கிவைத்த பாலர் பள்ளி ஊழியர் அவர். நத்தார் இரவில் அடிபட்ட முகத்தோடு தேவாலயத்தில் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் சிநேகிதனைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அந்த இடத்தில் அப்பா எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டார், உனக்குத் தெரியுமா?

2020இல் வந்த 'ட்ரூக்' படத்தின் கடைசியில், கோபன்ஹேகன் துறைமுகத்தில், பள்ளிப் படிப்பை முடித்ததற்கான வெள்ளைத்தொப்பி போட்ட பிள்ளைகள் நடுவில், வாத்தியாராக வரும் அவர் ஆடத் தொடங்குவார். ஐம்பது தாண்டிய உடம்பு, ஆனால் நடனமாடிய அந்தப் பத்து வருடமும் காலில் அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தை எடுக்கத் தொடங்கிய நாட்களில் இயக்குநர் வின்டர்பெர்கின் மகள் கார் விபத்தில் இறந்துபோனாள். ஒரு தாயாக எனக்கு அந்த ஆட்டத்தைச் சந்தோஷமாகவே பார்க்க முடிவதில்லை.

பள்ளி முடித்தபோது நீயும் அதே தொப்பியோடு, இங்கே வழக்கம்போல வீடு வீடாகப் போகும் லொறியில் வந்து இறங்கினாய், உன் வகுப்பு முழுக்க எங்கள் முற்றத்தில் நின்று வடை தின்றது. அன்று லொறியின் மேல் ஏறி நின்று எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவரைப் போலப் பேசிக் காட்டினாயே, அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

கணக்காளர் வேலையை உடனே விடாதே, லீவு கேட்டுப் பார். இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். விண்ணப்பத்தை அனுப்பு. அப்பாவிடம் நானே கதைக்கிறேன், ஞாயிறு இரவு, டீவி போடுவதற்கு முன்பே.

அம்மா