வெள்ளைத் தாள் காக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தியுடன் மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். அடி தாங்காமல் அவள் தாய்வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது அவள் வேலை பார்க்கும் துணிக்கடை வாசலில் கணவன் தினமும் வந்து நிற்கிறான். அவள் ஏறும் பஸ்ஸிலேயே ஏறுகிறான். மனு எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கைப்பேசி மேசைமேல் விடாமல் அதிர்ந்தது. எழுதி முடிப்பதற்குள் பதினேழு அழைப்புகள், அத்தனையும் அவனுடையவை. திரையைக் காட்டினாள். "புருஷன்தானே அம்மா கூப்பிடுகிறான்" என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி.

பிறகு அவனை வரவழைத்து, அவள் இருந்த பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். அவள் முந்தானையை இரு கைகளாலும் இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். நான் எழுந்து போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். "இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று வெள்ளைத் தாளில் அவனிடம் எழுதி வாங்கி, அவளிடமும் கையெழுத்துப் பெற்று, மனு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் மறுபடியும் கடை வாசலில் நின்றான். "அதுதான் எழுதிக் கொடுத்தாயிற்றே, எல்லாம் முடிந்துவிட்டது" என்று அவளிடமே சொல்லியிருக்கிறான்.

அந்த அதிகாரி கெட்டவர் அல்லர். குடும்பம் பிரிந்துவிடக் கூடாதே என்று உண்மையாகவே கவலைப்பட்டார். ஆனால், சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை வேறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பாருங்கள். பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், இலவச சட்ட உதவி பெறலாம் என்று பாதிக்கப்பட்டவளுக்குச் சொல்ல வேண்டியது காவல் அதிகாரியின் கடமை என்கிறது. எங்களிடம் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. சமூக நலத் துறையில் அப்படி ஓர் அலுவலர் இருப்பதே பின்னர் ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்தது. மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. வெள்ளைத் தாளை மீறினால் என்ன உண்டு? இன்னொரு வெள்ளைத் தாள்!

"புருஷன்தானே" என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். அதில் கணவனுக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ரயில் முன் தள்ளிக் கொன்றவனும் அவளை விடாமல் பின்தொடர்ந்தவன்தான். 2025 ஜனவரியில் பின்தொடர்தலுக்கான தண்டனையைக் கூட்டும் மசோதாவை நம் சட்டப்பேரவை நிறைவேற்றியது. நல்லது. ஆனால் வழக்கே பதியாத இடத்தில் கூட்டிய தண்டனை யாரைத் தொடும்?

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்த செய்தியை என் மாணவிகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டியவள் நான். அந்தப் பெருமை இன்னும் எனக்குள் இருப்பதால்தான் எழுதுகிறேன். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். வீட்டு வன்முறைப் புகார் எதுவானாலும் அன்றைக்கே பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவியுங்கள். பின்தொடர்தல் புகாருக்கு முதல் தகவல் அறிக்கை பதிந்து, அதன் நகலை அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள்.

அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் காணாதிருக்க, என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்