வை அச்சு நழுவும் சி.என்.சி. மெசின் பற்றி நாலாவது தடவையாக எழுதும் முறைப்பாடு

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்கட்கு,

கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் மெசினென்று பங்குனியில் உங்களிடம் வாங்கிய 6090 சி.என்.சி.யைப் பற்றி நான் எழுதும் நாலாவது கடிதம் இது. முந்திய மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு பதியப்பட்டுள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது. பதிந்ததை யாராவது வாசித்தீர்களா ஐயா?

நான் முதிரைப் பலகையில் பரிமாறும் தட்டுகள் செய்கிறவன். எங்கள் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமானை 60 பாகை வீ பிட் என்ற கூர் வெட்டலகால் செதுக்கி, பிறகு 6 மில்லிமீற்றர் பிட்டால் ஓரம் வெட்டி எடுப்பேன். மானின் கொம்பும் தலையும் அழகாக வந்தன. கழுத்துக்கு வரும்போது 'டக்' என்றொரு சத்தம். அதற்குப் பிறகு வெட்டினதெல்லாம் 4 மில்லிமீற்றர் தள்ளிப் போய், தலை ஒரு பக்கம் முதுகு ஒரு பக்கமாக நிற்கிறது. மெசினோ ஒன்றும் நடக்காத மாதிரி கடைசி வரி வரைக்கும் ஓடி முடித்தது. இப்படி மூன்று பலகை.

தொலைபேசியில் எடுத்தவர் "மரம் ஈரமாக இருக்கும்" என்றார். அந்த முதிரை இரண்டு வருஷம் என் பட்டறை முகட்டில் காய்ந்தது. அதை விடுங்கள். மோட்டர் தண்டிலும், அதை அச்சோடு இணைக்கும் கப்ளிங்கிலும் சேர்த்து நேராக ஒரு பென்சில் கோடு போட்டேன். பிட்டும் இல்லாமல் மரமும் இல்லாமல் வை அச்சை முன்னும் பின்னும் ஓடவிட்டேன். பத்து நிமிஷத்தில் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. கப்ளிங்கின் அலன் ஆணியில் மரை போய்விட்டது, இறுக்க இறுக்கச் சும்மா சுற்றுகிறது. காற்றிலும் ஈரமா?

இதைச் சொன்ன பிறகும் "கன்ரோல் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வாங்கோ" என்றீர்கள். இரவு பஸ்ஸில் திருகோணமலையிலிருந்து கொழும்பு வரைக்கும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், கண் மூடவில்லை. காலையில் கவுண்டரில் இருந்த தம்பி போனிலிருந்து தலை நிமிர்த்தாமலே, "டெக்னீசியன் லீவு. தச்சு வேலை செய்யிற ஆக்களுக்கு இது சரிவராது, யூடியூப்பைப் பார்த்துப் பழகுங்கோ" என்றார். இருக்கச் சொல்லக்கூட இல்லை. என் அப்பா உளி பிடித்த கை, நான் உளி பிடித்த கை. மரத்தைப் பற்றி எனக்கு அந்தத் தம்பியா படிப்பிக்கிறது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றிரவே திரும்பினேன்.

பிறகு கூரியரில் ஒரு கப்ளிங் வந்தது. நன்றி. ஆனால் அது 6.35க்கு 10, அதாவது மோட்டர் பக்கத் துளை 6.35 மில்லிமீற்றர், மறு பக்கம் 10. உங்கள் மெசினின் மோட்டர் தண்டு 8 மில்லிமீற்றர் என்று உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்கு 30 தட்டு கொடுக்க வேண்டியிருந்தது. அது கைவிட்டுப் போயிற்று. இனி அந்தக் கடற்கரையில் ஒருத்தரும் என்னை நம்பி ஓடர் தர மாட்டார்கள். ஐந்து இலட்சம் ரூபா நட்டம் என்று எழுதுகிறேன், உண்மையில் அதற்கும் மேலே. இருபது வருஷமாகச் சேர்த்த பேர் போனதற்கு எதைக் கணக்குப் போடுவது?

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. 8க்கு 10 கப்ளிங்கோடு ஒரு டெக்னீசியனை இங்கே அனுப்பித் தாருங்கள், தயவாகக் கேட்கிறேன். முடியாதென்றால் மெசினை எடுத்துக்கொண்டு காசைத் தாருங்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் தச்சு வேலை செய்கிற ஆக்களுக்கும் உண்டு என்று அந்தத் தம்பிக்கும் சொல்லிவிடுங்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கப்ளிங்கை விட எனக்கு அது பெரிது.

பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, பென்சில் கோடு பிரியும் வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். இந்த முறையாவது ஒருவர் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பாலையூற்று, திருகோணமலையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்